வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே லினக்ஸ்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பகலில் நிரல் எழுதுவதும் இரவில் கேம் ஆடுவதும் ஒரே கணினியில், ஒரே லினக்ஸ் இயங்குதளத்தில் என்று நான் மாறிப் பல வருடங்கள் ஆகின்றன. விண்டோஸுக்கென்று வட்டில் தனிப் பகுதி (பார்ட்டிஷன்) வைத்துக்கொள்ளவில்லை. மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தனியாக ஆடும் கேம்கள்தான் பிடிக்கும் என்றால் தாராளமாக வரலாம். ஆன்லைன் போட்டிதான் முக்கியம் என்றால் கொஞ்சம் பொறுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வேலைப் பக்கம் அதிகம் பேச எதுவும் இல்லை. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட், நிரலை அதன் சூழலோடு பொதிந்து ஓட்டும் டாக்கர் இரண்டுமே லினக்ஸை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சர்வரில் எந்தச் சூழலில் ஓடப்போகிறதோ அதிலேயே எழுதிச் சோதிக்கிறேன். "என் கணினியில் ஓடியதே" என்ற பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது.

கேம் பக்கம்தான் சுவாரஸ்யம். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானை, ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. அதன் அடித்தளமான வைன் 1993இலிருந்து வளர்ந்து வரும் திட்டம், 1.0 பதிப்பு 2008இல்தான் வந்தது. பதினைந்து வருடப் பொறுமை! ஒரு கேம் விண்டோஸிடம் "இந்தக் கோப்பைத் திற", "இந்த நினைவகத்தைக் கொடு" என்று கேட்பதையெல்லாம் வைன் வாங்கி லினக்ஸைக் கொண்டு நிறைவேற்றுகிறது. ஆவணத்தில் இருப்பதை மட்டும் செய்தால் போதாது. விண்டோஸில் இருக்கும் ஒரு பிழையை நம்பியே எழுதப்பட்ட நிரல்களும் உண்டு. அந்தப் பிழையையும் அச்சு அசலாகச் செய்து காட்ட வேண்டும். அதுவும் விண்டோஸின் மூல நிரலைப் பார்க்காமல். நிரலாக்கத்தில் இதைவிட உயர்ந்த உழைப்பை நான் பார்த்ததில்லை.

இன்னொரு பெயர் பிலிப் ரெபோலே. நியர்: ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு, விண்டோஸின் வரைகலைக் கட்டளைகளான டைரக்ட்3டி 11ஐ, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற வரைகலை முறைக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற அடுக்கை எழுதத் தொடங்கினார். இன்று புரோட்டானில் ஓடும் கேம்களில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் திரைக்கு வருகிறது. ஒரு கேமின் மேல் ஒருவருக்கு இருந்த ஆசை இத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கிறது. நல்ல மென்பொருள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆரம்ப வருடங்களில் என்னை எரிச்சலூட்டியது திக்கல். வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. புது இடத்துக்குள் நுழைந்ததும் ஷேடர்களை (ஒளி, நிறம் போன்றவற்றைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) கிராபிக்ஸ் அட்டைக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற, அதாவது கம்பைல் செய்ய வேண்டிவந்தால் அந்தக் கெடு தப்பிவிடும், படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். டைரக்ட்3டி 11இல் ஒரு பொருளை எப்படி வரைய வேண்டும் என்ற முழு விவரமும் கடைசி நேரத்தில்தான் தெரியவரும். வல்கனோ எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்கும். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0, ஷேடர்களைத் துண்டு துண்டாக முன்பே கம்பைல் செய்து பிறகு இணைக்கும் வல்கன் வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. அதற்கப்புறம் இந்தப் பிரச்சினை எனக்குப் பெரிதாக வரவில்லை. சராசரி பிரேம் எண்ணிக்கையை மட்டும் போட்டு ஒப்பிடும் விமர்சனங்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். சராசரி 90 என்று காட்டும்போதே ஆடுபவருக்குத் திக்கல் தெரியும். பிரேம் நேர வரைபடத்தைப் பாருங்கள்.

கேட்டால் வியப்பாக இருக்கும் ஒன்று: பழைய கேமுக்கு லினக்ஸ் பதிப்பும் விண்டோஸ் பதிப்பும் இருந்தால், நான் பெரும்பாலும் விண்டோஸ் பதிப்பை இறக்கிப் புரோட்டானில் ஆடுகிறேன். பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் அப்படியே நடக்கிறது. ஆனால் அதற்கு மேலே இருக்கும் லைப்ரரிகள் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) அவ்வளவு கட்டுப்பாட்டோடு இல்லை. அதனால் பத்து வருடம் முன்பு வந்த லினக்ஸ் பதிப்பு இன்று திறக்காமலே போகலாம்; அதே கேமின் விண்டோஸ் பதிப்பு ஓடும். டெஸ்க்டாப் லைப்ரரி எழுதுபவர்கள் இதைத் தங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த பிறகு ஒரு கேமில் நிழல்கள் எல்லாம் கறுப்புக் கட்டங்களாக வந்தன. டிரைவர் திறந்த மூலம் என்பதால், வேலையில் நாள்தோறும் செய்கிற அதே கிட் பைசெக்டை, அதாவது பழுது எந்த மாற்றத்தில் புகுந்தது என்று பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவதை, இங்கேயும் செய்தேன். பழுதில்லாத ஒரு பதிப்பையும் பழுதான ஒரு பதிப்பையும் சொல்லிவிட்டால் போதும், நடுவில் ஆயிரம் கமிட் (பதிவான மாற்றம்) இருந்தாலும் பத்துச் சோதனைகளில் குற்றவாளி சிக்கிவிடும். கமிட்டைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினேன், அடுத்த பதிப்பில் சரியாகிவிட்டது. விட்டுப்போக மனம் வராமல் நான் இங்கேயே இருப்பதற்கு இதுதான் முதல் காரணம். உடைந்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

சரி, ஆன்லைன் போட்டிகள். ஏமாற்று வேலையைத் தடுக்கும் ஆன்டி-சீட் நிரல்களில் பல, விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே உட்காருகின்றன. வைன் அதைப் போலச் செய்து காட்ட முடியாது. சில ஆன்டி-சீட் நிறுவனங்கள் 2021இல் புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன, ஆனால் அந்த வழியைத் தங்கள் கேமில் அனுமதிப்பது கேம் நிறுவனத்தின் முடிவு. நேற்றுவரை ஓடிய கேம் ஒரு புதுப்பிப்பில் நின்றுபோவதும் உண்டு, எனக்கே நடந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு அது அநியாயம். நான் விட்டுக்கொடுக்காத இன்னொரு விஷயம்: ஒரு கேமுக்காகக் கர்னல் அளவு அதிகாரத்தை, என் வேலைக் கோப்புகளும் சாவிகளும் இருக்கும் கணினியில் நான் தர மாட்டேன்.

மாற நினைப்பவர்கள் முதலில், எந்தக் கேம் புரோட்டானில் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் தங்கள் கேம்களைத் தேடிப் பாருங்கள். தங்கம், பிளாட்டினம் என்ற தரத்தோடு நிற்காமல் அண்மையில் எழுதப்பட்ட அறிக்கைகளைப் படியுங்கள். பழைய விண்டோஸ் வட்டில் இருக்கும் கேம்களை அப்படியே விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் வைத்து ஓட்டப் பார்க்காதீர்கள். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் உருவாக்கும் கோப்புறையில் முக்காற்புள்ளி (:) உள்ள பெயர்கள் வரும், விண்டோஸ் அவற்றை ஏற்காது, வட்டில் கோளாறு என்று சொல்லத் தொடங்கிவிடும். லினக்ஸின் கோப்பு முறைகளான இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ்ஸில் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி அதில் கேம்களைப் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.