ரெட்டினாரிஸ்க் செயலி: சர்க்கரை நோயாளியின் கண்ணுக்கு ஓர் அபாயக் கணக்கு

சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும்போது வலி இருப்பதில்லை. பாதிப்பு முற்றும் வரை பார்வையும் தெளிவாகவே இருந்துவிடக்கூடும். அதனால்தான் "கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்று சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம் வீடுகளில் இத்தனை பேர் இருக்கிறார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர் என்பதால், ஐஸ்லாந்தில் உருவான ரெட்டினாரிஸ்க் செயலியைக் கைப்பேசியில் நிறுவிப் பார்த்தேன்.

ஐஸ்லாந்தில் 1980 முதல் சர்க்கரை நோயாளிகளுக்கு முறையான கண் பரிசோதனைத் திட்டம் நடந்துவருகிறது. எல்லோரையும் ஆண்டுதோறும் அழைப்பதற்குப் பதிலாக, அவரவர் அபாயத்துக்கு ஏற்ப இடைவெளியை வகுக்கும் கணக்கீட்டு முறையொன்றை, கண் மருத்துவப் பேராசிரியர் எய்னார் ஸ்டெஃபான்சன் இடம்பெற்ற குழு 2011இல் வெளியிட்டது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரைச் சேர்ந்த 5,199 பேரின் பதிவுகளில் அதைச் சோதித்தபோது இடைவெளி சராசரியாக 29 மாதங்கள் என வந்தது. ஆண்டுக்கொரு பரிசோதனையோடு ஒப்பிட்டால் வருகைகள் 59 விழுக்காடு குறைவு. அந்தக் கணக்குதான் இந்தச் செயலியின் அடிப்படை.

ஆணா பெண்ணா, எந்த வகைச் சர்க்கரை நோய், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, விழித்திரைப் பாதிப்பு ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளதா, எச்பிஏ1சி எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்பவற்றைப் பதிந்தால், பார்வையைப் பறிக்கும் அளவுக்குப் பாதிப்பு முற்றுவதற்கான அபாயத்தை விழுக்காடாகக் காட்டுகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு மட்டும் கையில் இருந்தால் போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அறிக்கை வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, எண்களை மாற்றிப் பார்க்கும் வசதி. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எச்பிஏ1சியை ஒன்பதிலிருந்து எட்டாக்கி, பிறகு ஏழாக்கிக் காட்டியபோது, ஒவ்வொரு படியிலும் அபாயம் இறங்குவதை அவரே பார்த்தார். அடுத்து இரத்த அழுத்தத்தையும் குறைக்கச் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் நிறைய; அதைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் விழித்திரைப் பாதிப்பு மோசமாவது 34 விழுக்காடு குறைந்ததாக 1998இலேயே பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்று காட்டிவிட்டது.

ஆனால் இந்த எண்ணை நம்பி ஆண்டுப் பரிசோதனையை ஒத்திப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். செயலி கண்ணைப் பார்ப்பதில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து மருத்துவர் பார்ப்பதும், விழித்திரையைப் படமெடுப்பதும் வேறு, இது வேறு. கணக்கைச் சோதித்துப் பார்த்ததும் ஐரோப்பிய நோயாளிகளின் பதிவுகளில். "எத்தனை ஆண்டுகளாக" என்ற கேள்வியே நம்மவர்களைத் தவறான பாதையில் கொண்டுபோய்விடக்கூடும்: இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பல ஆண்டுகள் தெரியாமல் இருந்துவிட்டு, வேறு ஏதோ காரணத்துக்காக இரத்தம் எடுக்கும்போது வெளிப்படுவது இங்கே சாதாரணம். அதே பிரிட்டன் ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் விழித்திரையில் மாற்றங்கள் இருந்தன. அப்படிப்பட்டவர் "ஓராண்டு" என்று பதிந்தால் வரும் விடை அவருக்குப் பொய்யான நிம்மதியையே தரும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதன் கணக்கை ஒதுக்கிவிட்டு மருத்துவர் சொல்லும் இடைவெளியையே பின்பற்றவேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். எண்ணைக் குறைத்தவுடன் திரையில் அபாயம் இறங்குகிறது. உடலில் அது அவ்வளவு நேராக நடப்பதில்லை. நெடுநாள் கட்டுப்பாடின்றி இருந்த சர்க்கரையை இன்சுலின் போன்றவற்றால் மிக வேகமாகக் குறைக்கும்போது, ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு முதல் சில மாதங்களில் தற்காலிகமாக மோசமாவது உண்டு. ஆகவே சிகிச்சையைத் தீவிரப்படுத்தப் போகிறவர்கள், செயலியில் நல்ல எண் வந்தாலும், அதற்கு முன்பே ஒருமுறை கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டிவிட்டு, அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.