நாற்பதுக்கு மேல் ஹீப்ரு: பல வருடம் வாசித்த பிறகு

யூத மதத்துக்கு மாறுவதற்கான வகுப்பில் சேர்ந்தபோதுதான் ஹீப்ரு எழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதே 40 வயதைத் தாண்டியிருந்தேன். மாறி இப்போது பல வருடங்களாகிவிட்டன; லண்டனில் சனிக்கிழமைதோறும் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறேன். என் அனுபவத்தில் எழுத்து சுலபம், வேகம்தான் கஷ்டம்.

மொத்தம் 22 எழுத்துகள். அவற்றில் ஐந்துக்குச் சொல்லின் கடைசியில் மட்டும் வேறு உருவம். 247 எழுத்து படித்து வளர்ந்த நமக்கு இது சில வார வேலை. தொல்லை தருபவை ஒன்றுபோலவே இருக்கும் ஜோடிகள்தான். தாலெத் (ד) என்ற எழுத்துக்கு வலது மேல்மூலை கூராக நிற்கும், ரேஷ் (ר) என்ற எழுத்துக்கு வளைந்துவிடும், வித்தியாசம் அவ்வளவுதான். கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் முக்கிய ஜெபமான ஷெமா வசனத்தின் (உபாகமம் 6:4) கடைசிச் சொல் 'எகாத்', அதாவது ஒன்று. அதன் தாலெத்தை ரேஷாகப் படித்தால் 'அகேர்', அதாவது வேறு என்றாகி, ஏக தெய்வ நம்பிக்கையே கவிழ்ந்துவிடும். மோசேயின் ஐந்து நூல்களைக் கையால் எழுதிய தோரா சுருளில் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுவது இதற்காகத்தான் என்று மரபில் விளக்கம் சொல்வார்கள்.

ஆங்கில எழுத்தில் ஹீப்ரு உச்சரிப்பை அச்சடித்த தாள்களைச் சீக்கிரம் தூரப் போட்டுவிடுங்கள். அது பக்கத்தில் இருக்கும்வரை கண் ஹீப்ரு பக்கம் போகவே போகாது. வாசிக்க வராத காலத்தில் ஆங்கிலத்திலேயே ஜெபிக்கலாமே? ஷெமாவை எந்த மொழியிலும் சொல்லலாம் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவே அனுமதிக்கிறது.

ஜெபநூலான சித்தூரைப் பொறுத்தவரை என் ஓட்டு கோரென் பதிப்புக்கு. எழுத்துரு தெளிவு, குழப்பும் ஜோடிகள் சட்டென்று பிரிந்து தெரியும். ஹீப்ரு இடது பக்கம், ஆங்கிலம் வலது பக்கம் என்று இருப்பதால் இரண்டு வரிகளும் நடுமடிப்பில் தொடங்கும். இன்னொரு பதிப்பான ஆர்ட்ஸ்க்ரோலில் ஹீப்ரு வலது பக்கம். விளக்கக் குறிப்புகளுக்கு அது நல்லது. வீட்டில் பயிற்சிக்கு யூத நூல்களைக் கொண்ட செஃபாரியா செயலி இலவசம், உயிர்க்குறிகளை (உயிர் ஒலியைக் காட்டும் புள்ளி, கோடுகளை) வேண்டும்போது மறைத்தும் பார்க்கலாம். ஆனால் எங்கள் சபையில் ஷபாத் எனும் ஓய்வுநாளில் போனைத் தொடுவதில்லை, அச்சுப் புத்தகம் இல்லாமல் முடியாது. அப்புறம், பாடநூல் 'ஷபாத்' என்று கற்றுத்தரும், பக்கத்து இருக்கைப் பெரியவர் 'ஷபோஸ்' என்பார். இது அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) உச்சரிப்பு, இரண்டும் சரிதான்.

வேகம் வந்தது வாராவாரம் அதே ஜெபங்களைச் சொன்னதால்தான். அதில் பாதி மனப்பாடம் என்பது தோரா சுருளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். அதில் உயிர்க்குறியும் இல்லை, ராகக் குறியும் இல்லை. நம் ஓலைச்சுவடியில் புள்ளியை வாசிப்பவரே போட்டுக்கொள்வதுபோல எல்லாவற்றையும் நாமே நிரப்ப வேண்டும். இதற்கு திக்குன் என்ற புத்தகம் உண்டு: ஒரு பத்தியில் குறிகளோடு, எதிர்ப்பத்தியில் சுருளில் உள்ளபடியே. தினம் கொஞ்சம் பார்த்தால் ஒரு சின்னப் பகுதியாவது வரும். எனக்கு இப்போதைக்கு அவ்வளவுதான் வருகிறது. தோரா வாசிப்புக்கு முன்னும் பின்னும் ஆசிச் சொற்கள் மட்டும் சொல்ல அழைத்தால் கவலையில்லை, அவை மேடையிலேயே அட்டையில் குறிகளோடு இருக்கும்.