மோனோடோனா, பவுண்டடா: லெபேக் தொகையீட்டை எதில் தொடங்குவது?

லெபேக் தொகையீடு, அதாவது பள்ளியில் படிக்கிற தொகையீட்டை (இன்டெக்ரேஷன்) இன்னும் அதிகமான சார்புகளுக்கு விரிக்கிற முறை, நடத்துகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். எல்லையையும் (லிமிட்) தொகையையும் (இன்டெக்ரல்) எப்போது இடம் மாற்றலாம் என்று சொல்லக் கையில் நான்கு குவிதல் தேற்றங்கள் உண்டு: பவுண்டட், ஃபாட்டூ, மோனோடோன், டாமினேட்டட். எதை முதலில் நிரூபிப்பது, எதை அதிலிருந்து எடுப்பது? கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. முதல் வருடத்துக்கு நடத்துகிறேன். ஆறு வருடம் பவுண்டடில் தொடங்கினேன், அது ராய்டன் எழுதிய பாடப்புத்தகத்தின் பழைய பதிப்புகளில் உள்ள வரிசை. போன வருடமும் இந்த வருடமும் ரூடின் தன் பாடப்புத்தகத்தில் செய்வது போல மோனோடோனில் தொடங்கி, ஃபாட்டூ, டாமினேட்டட் என்று போனேன். இனி பழைய வரிசைக்குத் திரும்பப் போவதில்லை. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

ரீமானா (பள்ளியில் படிக்கிற தொகையீடு) லெபேக்கா என்ற பழைய சண்டைக்குள் போகவில்லை. விகிதமுறு எண்களை ஒவ்வொன்றாக எண்ணி, முதல் ஆயிரம் எண்களில் 1, மற்ற இடமெல்லாம் 0 என்று சார்பு எழுதினால் ரீமான் தொகை 0. எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய் எல்லையை எடுத்தால் ரீமானால் தொகையிடவே முடியாது, லெபேக் 0 என்கிறது. 1902-ல் லெபேக் தன் ஆய்வேட்டை எழுதியதிலிருந்து அந்த வழக்கு முடிந்துவிட்டது.

தேற்றம் எதற்குத் தேவை என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு முறைப்பாசனம் வைத்துத்தான் சொல்வேன். தலைமடையிலிருந்து கடைமடை நோக்கி ஒரு நாளைக்கு ஒரு வயல் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், வயல்களுக்கு முடிவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் கணக்கெடுத்தாலும் பாய்ந்த தண்ணீர் ஒரே அளவுதான். ஆனால் ஒரே வயலின் வரப்பில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, தன் முறை முடிந்த பிறகு என்றைக்கும் காய்ச்சல், பாய்ச்சலே கிடையாது. ஒரு நாள் தண்ணீரை 1 என்று வைத்தால், ஒவ்வொரு வயலிலும் எல்லை 0, தொகையின் எல்லையோ 1. தண்ணீர் எங்கே போனது? கடைமடையைத் தாண்டி முடிவிலிக்கு நழுவிப் போய்விட்டது. நழுவாமல் இருக்க என்ன நிபந்தனை போடலாம் என்பதற்கான வெவ்வேறு பதில்கள்தான் இந்தத் தேற்றங்கள். ஃபாட்டூ எதையும் தடுப்பதில்லை. குறையெண் வராத சார்புகளுக்குத் தண்ணீர் தொலையலாம், ஆனால் இல்லாத தண்ணீர் புதிதாக ஊறாது என்று மட்டும் சொல்கிறது. அதனால் அதில் சமக்குறி இல்லை, சமனின்மை மட்டும்தான்.

பவுண்டடுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சார்புகளும் ஒரே உச்சவரம்புக்குள் இருக்க வேண்டும், சார்புகள் இருக்கிற வெளியின் அளவை, அதாவது நீளம், பரப்பு மாதிரியான அதன் மொத்த அளவு, முடிவுள்ளதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சீரான குவிதல் என்பதை, அதாவது எல்லாப் புள்ளிகளிலும் ஒரே வேகத்தில் எல்லையை நெருங்குவதை, பி.எஸ்ஸி.யிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். புள்ளிவாரிக் குவிதல் (ஒவ்வொரு புள்ளியும் தன் வேகத்தில் நெருங்குவது) என்பது ஒரு சின்னக் கணத்தை ஒதுக்கிவிட்டால் சீரான குவிதல்தான் என்று எகோரோவ் தேற்றம் சொல்கிறது. ஒதுக்கிய சின்னக் கணத்தில் சார்பு உச்சவரம்பைத் தாண்டாததால் அங்கே பெரிய தப்பு நடக்க முடியாது. நிரூபணம் கால் பக்கம். முதல் வாரத்தில் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற தைரியம் அதிகம், இதை நான் மறுக்கவில்லை.

சிரமம் இரண்டாம் வாரத்தில் ஆரம்பிக்கும். பவுண்டடிலிருந்து ஃபாட்டூவுக்கு ஏற, எல்லைச் சார்புக்குக் கீழே இன்னொரு சார்பைப் பிடிக்க வேண்டும். அது வரம்புக்குட்பட்டதாகவும் முடிவுள்ள அளவை கொண்ட கணத்துக்கு வெளியே 0 ஆகவும் இருக்க வேண்டும், அப்புறம் அதையும் வரிசையின் ஒவ்வொரு சார்பையும் ஒப்பிட்டுச் சிறியதை எடுத்துப் புதிய வரிசை கட்ட வேண்டும். தொகையின் வரையறையையே மூன்று கட்டமாகப் பிரித்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். இவ்வளவு பாடுபட்டுக் கட்டியது நேர்கோட்டுக்குப் பொருந்துகிறது, பொது அளவை வெளிக்குப் போனால் சில இடங்களில் உடைகிறது. ஒரே ஒரு புள்ளி கொண்ட வெளி, அந்தப் புள்ளியின் அளவை முடிவிலி, சார்பு எங்கும் 1 என்று வையுங்கள். முடிவுள்ள அளவை கொண்ட கணத்துக்கு வெளியே 0 ஆகிற சார்புகளை மட்டும் பார்த்தால் தொகை 0 என்று வரும், உண்மையில் வர வேண்டியது முடிவிலி. ஆகவே பொது வெளி வந்ததும் வரையறையை மாற்றி, நிரூபணத்தையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஒரு முறை கட்டிய வரப்பை ஒவ்வொரு போகத்துக்கும் வெட்டிக் கட்டுகிற மாதிரி.

மோனோடோன் இப்படி இல்லை. சார்புகள் குறையெண் ஆகக் கூடாது, ஒவ்வொரு புள்ளியிலும் மதிப்பு கூடிக்கொண்டே போக வேண்டும். எந்த அளவை வெளியானாலும் நிரூபணம் ஓர் எழுத்துகூட மாறாது. தொகைகள் கூடிக்கொண்டே போகும், எல்லைச் சார்பின் தொகையைத் தாண்டாது என்பது ஒரு வரி. மறுபக்கத்தில்தான் வேலை இருக்கிறது. எல்லைச் சார்புக்குக் கீழே ஓர் எளிய சார்பை, அதாவது சில மதிப்புகளை மட்டுமே எடுக்கிற சார்பை, எடுத்துக்கொள்கிறோம். வரிசை அதை என்றைக்காவது எட்டிவிடும் என்று சொல்லத் தோன்றும், ஆனால் சொல்ல முடியாது, ஏனென்றால் எளிய சார்பு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிற புள்ளியில் வரிசை கடைசிவரை ஒரு மயிரிழை குறைவாகவே நிற்கலாம். அதனால் தலைதட்டிய முழு மரக்கால் வேண்டும் என்று கேட்காமல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு போதும் என்று கேட்கிறோம். இப்போது எந்தப் புள்ளியை எடுத்தாலும் வரிசை ஒரு கட்டத்தில் அந்த 99 பங்கைத் தாண்டிவிடும், தாண்டிய பிறகு திரும்பக் குறையாது. தாண்டிய புள்ளிகளின் கணம் வளர்ந்து வளர்ந்து வெளி முழுவதையும் நிரப்பும், கணம் வளர அதன் அளவையும் கூடவே முழு அளவைக்குப் போகும். ஆக, தொகைகளின் எல்லை எளிய சார்பின் தொகையில் 99 பங்குக்குக் குறையாது. 99 பங்குக்குப் பதில் 99.9, 99.99 என்று ஏற்றிக்கொண்டே போனால் நிரூபணம் முடிந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சிக்மா கூட்டல் பண்பு எங்கே வேலை செய்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிவது. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி என்பது இங்கே எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவே இல்லாமல் எண்ணிக்கொண்டே போகிற துண்டுகளைச் சேர்த்தாலும் அந்தக் கணக்கு தப்பாது என்பதுதான் சிக்மா. வளரும் கணத்தின் அளவை முழு அளவைக்குப் போகிறது என்கிற அந்த ஒரு வரியில்தான் அது உள்ளே வருகிறது. ஒரு மாதம் அளவையைக் கட்டியதற்குப் பலன் என்ன என்று அன்றைக்குத்தான் வகுப்புக்குப் புரிகிறது.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். என்னை மாற்றியது வேறு ஒன்று. மோனோடோனைப் பயன்படுத்த, விடை முடிவுள்ளதா என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் முடிவிலி என்றாலும் தேற்றம் சரிதான். டாமினேட்டட் அப்படி விடாது. எல்லாச் சார்புகளையும் மூடி நிற்கிற, தொகையிடத்தக்க (தொகை முடிவுள்ள) ஒரு சார்பு, ஜி, வேண்டும், அதை நாம்தான் தேடிக் கொண்டுவர வேண்டும், ஒவ்வொரு கணக்குக்கும் புதிது புதிதாக.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். எக்ஸை, ஈ அடுக்கு எக்ஸில் 1 கழித்து வருவதால் வகுத்து, 0 முதல் முடிவிலி வரை தொகையிட வேண்டும். அந்தச் சார்பை விரித்தால் எக்ஸ் பெருக்கல் ஈ அடுக்கு மைனஸ் எக்ஸ், எக்ஸ் பெருக்கல் ஈ அடுக்கு மைனஸ் இரண்டு எக்ஸ் என்று தொடராக வரும். ஒவ்வோர் உறுப்பின் தொகையும் 1, 1/4, 1/9, 1/16 என்று போகும், கூட்டினால் பை வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு. கூட்டலையும் தொகையையும் இடம் மாற்ற டாமினேட்டடைப் போட்டு, மொத்தச் சார்பையே ஜி என்று எடுத்தேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “சார், அந்த ஜி தொகையிடத்தக்கதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? அதோட தொகையத்தானே கண்டுபிடிச்சிட்டு இருக்கோம்?” நல்ல கேள்வி. ஜி எங்கும் 1-ஐத் தாண்டாது, 1-க்கு அப்பால் இரண்டு எக்ஸ் பெருக்கல் ஈ அடுக்கு மைனஸ் எக்ஸுக்குள் அடங்கும் என்று அரைப் பலகை எழுதிக் காட்டினேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கின் உயிர் அந்த அரைப் பலகையில் இல்லை. உறுப்புகள் எல்லாம் குறையெண் அல்ல, அதனால் பகுதிக் கூட்டல்கள் கூடிக்கொண்டே போகின்றன, அதனால் மோனோடோன். வேறு எதையும் சோதிக்க வேண்டாம்.

இன்னொரு படி போகலாம். கழித்ததற்குப் பதில் 1 கூட்டி வகுத்தால் உறுப்புகள் கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வரும், மோனோடோன் நேராகப் பொருந்தாது, டாமினேட்டட்தான் வேண்டும். அதற்கு ஜி எங்கே? உறுப்புகளின் குறியை நீக்கிக் கூட்டினால் வருவது இப்போது பார்த்த அதே சார்பு, அதன் தொகை முடிவுள்ளது என்று மோனோடோன் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதையே ஜியாக வைத்து இடம் மாற்றினால் விடை பை வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. டாமினேட்டடுக்கு வேண்டிய ஜியைச் செய்து கொடுப்பதே மோனோடோன் என்று ஆகிவிட்டால், எது முதலில் வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் மிஞ்சவில்லை.

கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், 1913-14-ல் மதராஸ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்த காலாண்டு அறிக்கைகளில் கூட்டலையும் தொகையையும் இப்படித்தான் இடம் மாற்றிக்கொண்டே போகிறார். எந்த நிபந்தனையில் அது செல்லும் என்று பின்னால் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி எழுதினார். பெப்போ லெவி மோனோடோனை வெளியிட்டதும் ஃபாட்டூ தன் லெம்மாவை (துணைத்தேற்றத்தை) வெளியிட்டதும் 1906-ல். அப்போது ராமானுஜனுக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். இதை வகுப்பில் சொல்லும்போது ஊர்ப் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

மோனோடோன் எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்ல வரவில்லை. குறைந்துகொண்டே வரும் வரிசைக்கு அதை அப்படியே போட்டால் தப்பு: ஆயிரத்துக்கு அப்பால் 1, பத்தாயிரத்துக்கு அப்பால் 1 என்று தள்ளிக்கொண்டே போனால் ஒவ்வொன்றின் தொகையும் முடிவிலி, எல்லையோ 0. போன வருடம் விடைத்தாள்களில் இந்தத் தப்பை நிறையப் பார்த்தேன், அதனால் இந்த வருடம் முதல் நாளே இதைப் பலகையில் எழுதிவிட்டேன். இன்னொன்று, 1-ஐ ‘1 கூட்டல் எக்ஸ்’ஆல் வகுத்து 0 முதல் 1 வரை தொகையிடுவது. விரித்துத் தொகையிட்டால் 1, மைனஸ் 1/2, 1/3 என்று போகும், குறியை நீக்கிக் கூட்டினால் முடிவிலிக்கு ஓடிவிடும், மோனோடோன் செய்து தருகிற ஜி இங்கே உதவாது. ஆனால் பகுதிக் கூட்டல்கள் எல்லாம் 0-க்கும் 1-க்கும் நடுவில் நிற்கின்றன. உச்சவரம்பு 1, வெளியின் அளவை 1, பவுண்டட் ஒரே வரியில் முடித்துவிடும், விடை லாக் 2. இந்த மாதிரி இடத்தில் பழைய தேற்றத்தின் மேல் எனக்கு இன்னும் பாசம் உண்டு. புதிய வரிசையிலும் அது தொலைந்து போவதில்லை, டாமினேட்டடில் மாறிலியை ஜியாக வைத்தால் தானாக வந்துவிடும்.

என் அனுபவம் இரண்டு வகுப்புதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டிலும் சேர்த்து முப்பத்தைந்து பேர். நிகழ்தகவு நடத்துகிறவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம், அங்கே மொத்த அளவை எப்போதும் 1 என்பதால் பவுண்டடின் பெரிய குறை அவர்களைத் தொடாது. நான் அந்தத் தாளை எடுத்ததில்லை. எகோரோவைக் கடைசிக்குத் தள்ளியதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. முதல் வாரத்தில் வரைந்து காட்டப் படம் எதுவும் இல்லாமல் பிள்ளைகள் கொஞ்சம் தவிக்கிறார்கள். அடுத்த வருடம் எகோரோவை நிரூபணம் இல்லாமல், படத்தோடு மட்டும், முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் காட்டிவிட்டு மோனோடோனுக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.