44 எச்பி காலி இடம்: மாடுலர் சிந்தசைசரோடு மூன்று வருடம்

நான் கீபோர்டு வாசிக்கிறவன். மாடுல் என்ற தனித்தனிக் கருவித் துண்டுகளை ஒயரால் இணைத்து ஒலி எழுப்புவதுதான் மாடுலர் சிந்தசைசர்; அதன் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மாடுலரைக் கணினித் திரையிலேயே வாசிக்க விடும் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில் சும்மா பார்ப்போமே என்று தொடங்கியது, நாலு மாதம் ஓடிவிட்டது.

அப்புறம் மூக் நிறுவனத்தின் மதர்-32 சிந்தசைசரை வாங்கினேன். ஒயர் சொருகாமலே சத்தம் வரும் கருவி என்பதால், இது முழு மாடுலர் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வினையே அதில்தான். அதைக் கழற்றி, யூரோராக் என்ற பொது அளவில் செய்த மாடுலர் பெட்டியில் மாட்டலாம். அகலம் 60 எச்பி (மாடுல்களின் அகலத்தை அளக்கும் அலகு). நான் வாங்கிய பெட்டியோ 104. ஒரு எச்பி 5.08 மில்லிமீட்டர், மிச்சமிருந்த 44 எச்பி, கிட்டத்தட்ட 22 சென்டிமீட்டர் ஓட்டையாகத் தினமும் என்னைப் பார்த்து இளித்தது. டோப்ஃபர் நிறுவனம் 1990களில் வகுத்த இந்த யூரோராக் அளவையே பல நிறுவனங்களும் பின்பற்றுவதால், யார் செய்த மாடுலும் அதில் உட்காரும். ஆசைக்கு வேறென்ன வேண்டும்!

முதலில் வாங்கியது இன்னொரு ஆசிலேட்டர், அதாவது ஒலியை உண்டாக்கும் மாடுல். தப்பு. எனக்குத் தேவைப்பட்டது அட்டெனுவேட்டர், அதாவது மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு சாதாரணக் குமிழ். எல்எஃப்ஓவை (மெதுவாக ஏறி இறங்கும் மின்னலை) நேராக ஃபில்டரில் (ஒலியின் நிறத்தை மாற்றும் பகுதி) சொருகினால் ஆம்புலன்ஸ் மாதிரி அலறும். நடுவில் இந்தக் குமிழை வைத்து முக்கால்வாசி குறைத்தால், அதே ஒலி மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும். இரண்டு விசிஏ (மின்னழுத்தத்தால் ஒலியளவை ஏற்றி இறக்குவது), ஒரு அட்டெனுவேட்டர், ஒரு மல்ட் (ஒரு சிக்னலைப் பலவாகப் பிரிப்பது). பார்க்க அழகில்லாத இவைதான் என் பெட்டியில் ஓயாமல் வேலை செய்கின்றன.

ஒரு மாடுலை நானே கொன்றேன். பவர் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் வர வேண்டும். அவசரத்தில் திருப்பிச் சொருகிவிட்டேன். கருகல் வாசனை வந்த பிறகுதான் கோடே கண்ணில் பட்டது.

சுருதி இன்னொரு தொல்லை. ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) ஏற வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அனலாக் ஆசிலேட்டர் சூடேறும்வரை நழுவிக்கொண்டே இருக்கும். நான் ஆன் செய்து அரை மணி நேரம் விட்டுத்தான் டியூன் செய்கிறேன்.

இதையெல்லாம் பழகிவிடலாம். சேமிக்க முடியாததுதான் கடைசிவரை உறுத்துகிறது. "நேத்து ஒண்ணு வாசிச்சியே, அதைப் போடு" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் நண்பன். ஒயரெல்லாம் உருவியாகிவிட்டது. போட்டோ இருந்தது, அதைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொருகினேன். வந்தது அதன் ஒன்றுவிட்ட தம்பி. ஃபில்டர் குமிழ் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒலி வேறுதான். இப்போதெல்லாம் ரெக்கார்டிங்கை ஓடவிட்ட பிறகே முதல் ஒயரைத் தொடுகிறேன்.

வாங்கலாமா என்று கேட்டால், விசிவி ராக்கில் 104 எச்பிக்குமேல் தாண்டாமல் ஒரு மாதம் ஒரே பெட்டியை வைத்து வாசித்துப் பாருங்கள். அப்போதும் கை அரித்தால் வாங்குங்கள், ஆனால் 84 எச்பி பெட்டியாக.