பயன்படுத்திய .22 பிஸ்டல் வாங்கும் முன்: கடையில் காட்டும் இலக்குத் தாளை நம்பாதீர்கள்

டெக்சஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் சிலர் வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய் இலக்கு சுடப் பழகுகிறார்கள். எல்லோரும் தொடங்குவது .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் பிஸ்டலில்தான். தோட்டா மலிவு, கையை உதைக்காது, சத்தமும் குறைவு. அவர்களுக்காகவும் இனி வாங்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். "குறி தப்பவே தப்பாது" என்று சொல்லி ஒரு கடை எனக்கு விற்ற பிஸ்டல், குறி தப்பியதோடு நிற்கவில்லை. ஆளைக் கொல்லக்கூடிய நிலையில் இருந்தது.

விற்கும்போது ஓர் இலக்குத் தாளை எடுத்து வைத்தார்கள். நடுவில் ஐந்து ஓட்டைகள், அரை அங்குலத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. "இதே பிஸ்டலில் சுட்டது சார்" என்றார் விற்பனையாளர். ட்ரிகரைத் தனியாக ட்யூன் செய்திருப்பதாகச் சொல்லி அதற்கும் விலையில் கூட்டி வைத்திருந்தார்கள். தாளில் தூரம் இல்லை, பிஸ்டலின் வரிசை எண் இல்லை, தேதியும் இல்லை. பின்னால் நான் விடாமல் கேட்ட பிறகுதான் அது 7 யார்டில் சுட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். சுட்டதும் இந்த பிஸ்டல் இல்லையாம், அதே மாடலில் வேறொன்றாம்!

7 யார்டில் அரை அங்குலம் என்றால், எல்லாம் சரியாக இருந்தாலே 25 யார்டில் ஏறக்குறைய 1.8 அங்குலம். அதுவும் ஐந்தே குண்டை வைத்து ஒரு துப்பாக்கியை எடை போட முடியாது. சுமாரான பிஸ்டலும் எப்போதாவது ஐந்தை அழகாகச் சேர்த்து வைத்துவிடும். பத்துப் பத்தாகச் சில முறை சுட்டால்தான் அதன் உண்மையான முகம் தெரியும்.

என்னுடையது 25 யார்டில், மணல் மூட்டையில் தாங்கிச் சுட்டும், ஆறு அங்குலத்துக்கு இறைத்தது. தோட்டாவாக இருக்கும் என்றுதான் முதலில் பார்த்தேன். .22 பிஸ்டல் ஒவ்வொன்றுக்கும் பிடித்த தோட்டா வேறு, அது உண்மை. சாதாரண வேகத்தில் போகும் 40 கிரெயின் (குண்டின் எடை) தோட்டா, போட்டிக்காரர்கள் வாங்கும் ஈலி (Eley), எஸ்கே (SK) பிராண்டுகள் என்று மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. அப்புறம் சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகள் சேம்பரிலேயே, அதாவது பேரலில் தோட்டா உட்காரும் குழியிலேயே, சிக்க ஆரம்பித்தன. கடைசியாக ஒரு நாள் ட்ரிகரை ஒருமுறை இழுத்ததற்கு இரண்டு குண்டு வெடித்தது. இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? ரேஞ்ச் அதிகாரி அந்த இடத்திலேயே சுடுவதை நிறுத்தச் சொன்னார். அவருக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

வேறொரு துப்பாக்கி மெக்கானிக் பிரித்துப் பார்த்ததில் மூன்று கேடுகள் வெளிவந்தன. முதலாவது, சேம்பரின் விளிம்பில் பள்ளம். ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கிறது, ஃபயரிங் பின் அந்த விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்தால் அடி நேராக பேரல் எஃகில் விழும். சில மாடல்களில் இதைத் தடுக்கவே ஒரு சின்ன குறுக்குப் பின் உண்டு. யாரோ பிரித்துவிட்டு அதைத் திரும்பப் போடவில்லை. பிதுங்கிய எஃகுதான் கூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டாவது, கிரவுன், அதாவது குண்டு வெளியேறும் பேரல் வாயின் விளிம்பு, ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. முன்பக்கமிருந்து கம்பியை விட்டுக் கண்டபடி சுத்தம் செய்ததன் வேலை. குண்டு வெளியேறும் நொடியில் வாயு ஒரு பக்கமாகக் கசிந்து அதைத் தள்ளிவிடும். மூன்றாவதுதான் கொடுமை. கூடுதல் விலை கேட்ட அந்த ட்யூனிங், சியரை (ட்ரிகரை இழுக்கும்வரை சுடும் பாகத்தைப் பிடித்து வைக்கும் கொக்கி) அரத்தால் ராவியதுதான். பிடிப்பு அவ்வளவு குறைந்துபோனதால், போல்ட் (ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் போய் வரும் எஃகுப் பாகம்) முன்னால் வந்து மோதும் அதிர்ச்சியிலேயே அது நழுவி அடுத்த குண்டைச் சுட்டுவிடுகிறது.

ஆகவே பழையது வாங்குகிறவர்கள் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் கொண்டுபோங்கள். காலி என்று உறுதி செய்து, போல்ட்டைத் திறந்து வைக்கச் சொல்லி, சேம்பர் விளிம்பையும் கிரவுனையும் பாருங்கள். ட்ரிகர் எடையை, அதாவது அதை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை, கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் புல்ஸ்ஐ என்ற பிஸ்டல் இலக்குப் போட்டியிலேயே .22க்குக் குறைந்தபட்சம் 2 பவுண்டு வேண்டும். அதற்கும் கீழே இருக்கிற ட்ரிகரைப் பெருமையாகச் சொன்னால், யார் செய்தது, ரசீது எங்கே என்று கேளுங்கள். கடையோடு சேர்ந்து ரேஞ்ச் இருந்தால், உங்கள் கண்முன் 25 யார்டில் சுட்டுக் காட்டட்டும். மறுத்தால் வேறு கடை.

முடிந்தால் புதிதாகவே வாங்குங்கள் என்பேன். ரூகர் மார்க் 4, ப்ரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெசன் விக்டரி, மூன்றிலும் சுடும்போது பேரல் அசைவதில்லை. துல்லியத்துக்கு அடிப்படையே அதுதான். பழைய மார்க் 4 கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 2017 ஜூன் 1க்கு முன் செய்தவற்றை சேஃப்டி கோளாறுக்காக நிறுவனமே திரும்ப அழைத்தது. வரிசை எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் மத்திய அரசின் 4473 படிவத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டால் பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்காது. எனக்கும் அதே பதில்தான் வந்தது. அந்தப் படிவம் பற்றி இன்னொன்று: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் மத்தியச் சட்டப்படி, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. விற்பனையாளர் "பரவாயில்லை" என்றாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பதை டெக்சஸின் 1973ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. வழக்குக்கு முன் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் தர வேண்டும். மெக்கானிக்கின் அறிக்கையையும் படங்களையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அதனால்தான் கடையின் பெயரை இங்கே போடவில்லை. டாலஸ் பக்கம் வாங்கப் போகிறவர்கள் தனிச்செய்தியில் கேளுங்கள், படங்களை அனுப்புகிறேன்.