தொண்டி கடக்காத்துல அப்ரைட் பியானோ: சுருதி நிக்குமா?

மண்டபத்துல இருக்குற மாப்ள ஒருத்தன் செகண்ட் ஹேண்ட்ல அப்ரைட் (கம்பியெல்லாம் நெட்டுக்குத்தா நிக்குற பியானோ) வருது, எடுக்கவான்னு கேட்டான். போன வாரம்தான் என் பியானோவுக்கு ட்யூனர் வந்துட்டுப் போனாரு, அதனால சூடாவே எழுதுறேன். டச், டோன் எல்லாம் அருமை, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. சுருதி மட்டும் நிக்க மாட்டேங்குது.

உடனே கம்பியை இறுக்கிப் புடிக்கிற பின்னு லூஸு, ட்யூனர் சரியில்லன்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க. என்னோடதுல பின்னெல்லாம் கிண்ணுன்னு இருக்கு. ஆடுறது சவுண்ட்போர்டு, கம்பிக்குப் பின்னாடி அதிர்ந்து சத்தத்தைப் பெருசாக்குற பலகை. ஸ்ப்ரூஸ் மரம் அது, ஐப்பசி கார்த்திகை மழையில நம்ம வீட்டுக் கதவு மாதிரி உப்பிக்கும், உப்பி, கம்பியைத் தாங்குற பிரிட்ஜுங்கிற கட்டையைத் தள்ளும், கம்பி இழுபட்டு சுருதி ஏறிரும், அப்பறம் ஆனி ஆடியில கச்சான் காத்து தரைப்பக்கமிருந்து அனலா அடிக்கும்போது சுருங்கி எறங்கிரும். மொத்தமா ஏறி எறங்குனாகூட பாடுறவங்க சமாளிச்சுருவாங்க, ஆனா நடுவுல உள்ள கம்பி ஏறுற அளவுக்கு செம்பு சுத்துன பாஸ் கம்பி ஏறாது, எடது கைக்கும் வலது கைக்கும் ஒத்தே போகாது. கிறிஸ்மஸ் பாட்டு பிராக்டிஸ் நேரத்துல இதைக் கேட்டா அழுகையே வருது.

இதுக்கு மேல உப்புக்காத்து. மிடில் சிங்கிற நடு சுரத்துக்கு மூணு கம்பி, ரெண்டை ரப்பர் ஆப்பு வச்சு அமுக்கிட்டு மூணாவதை ட்யூனர் மொதல்ல இறுக்கல, ஒரு நூல் அளவு தளர்த்துனாரு. "டிக்"குன்னு ஒரு சத்தம். துரு புடிச்ச எடம் விட்டுக்குடுக்குற சத்தமாம், அப்படி விடுவிக்காம இறுக்குனா கம்பி அறுந்துருமாம். 220க்கு மேல கம்பி, ஒவ்வொண்ணுக்கும் இதே பொறுமை. அந்த மனுசன் உழைப்பு மழை வந்தா கரைஞ்சு போகுதேன்னுதான் எனக்கு ஆத்திரம்.

ஆனா ட்யூன் பண்ணுன அன்னைக்கு ராத்திரி ஒரு கார்டு புடிச்சா வீடே ரீங்காரமா இருக்கு, எந்த டிஜிட்டல் பியானோவும் பக்கத்துல வராது.

இருந்தாலும் மாப்ள, எடுக்காத. டிஜிட்டலே வாங்கு. எடுத்தே தீருவேன்னா கடலைப் பாத்த ஜன்னல்கிட்ட வைக்காத, ஏசியை ஒரு நாள் போட்டு ஒரு நாள் நிறுத்தாத, மழை ஆரம்பிச்ச ஒடனே ட்யூனரைக் கூப்புடாம மூணு நாலு வாரம் விட்டு மரம் ஈரத்துக்குப் பழகுனப்பறம் கூப்புடு.