செயின் பின்வாங்கினால் எந்தக் காயினில் குட்டு வெளிப்படும்?

வெளிநாட்டுக்காரர்களுக்கு வெப்சைட் வேலை செய்து கொடுக்கும் வண்ணார்பேட்டைத் தம்பி ஒருவர், பணப் பரிமாற்றத்தை ரகசியமாக வைக்கும் இரண்டு கிரிப்டோ காயின்களைச் சொல்லி, கூலியை எதில் வாங்கலாம் என்று கேட்டார்: “அண்ணாச்சி, மோனெரோல வாங்கவா, ஸீகேஷ்ல வாங்கவா? வந்த பணம் திரும்பிப் போயிரும்ங்காவளே?”

பணம் திரும்பிப் போவது பாதிப் பிரச்சினைதான். கூடவே ரகசியமும் போகுமா என்பது மீதிப் பாதி. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பரிவர்த்தனைகளை பிளாக் என்ற கட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பொதுக் கணக்குதான் செயின். கம்ப்யூட்டர்களை உழைக்கவிட்டு பிளாக் சேர்ப்பது மைனிங். ஒரே நேரத்தில் இரண்டு கிளைகள் வளர்ந்தால், அதிக மைனிங் உழைப்பு சேர்ந்த கிளைதான் நிற்கும், மற்றதைக் கழற்றிவிடுவார்கள். செயின் பின்வாங்குவது என்பது இதுதான், பெயர் ரீஆர்க். கழன்றதில் இருந்த பரிவர்த்தனைகள் மறுபடி ஏறினால்தான் உண்டு. ஒன்றிரண்டு பிளாக் கழல்வது சகஜம். (மகாராஜநகரில் கரண்ட் போய் வந்ததும் செயினின் நகலை வைத்திருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரான நோடு பழைய பிளாக்கிலேயே நின்றால் அது ரீஆர்க் இல்லை. இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.)

மோனெரோவில் செலவு செய்யும்போது உங்கள் காசோடு வேறு 15 பேர் காசையும் போலிகளாகச் சேர்த்து 16 பேர் வளையமாகக் காட்டும். யாருடையது செலவானது என்று வெளியே தெரியாது. அந்தப் போலிகள் பெரும்பாலும் சமீபத்திய பிளாக்குகளிலிருந்து வருபவை. அந்த பிளாக்குகளே கழன்றால் வளையம் உடைந்து பரிவர்த்தனை செல்லாததாகிவிடும். அதனால்தான் வந்த காசை 10 பிளாக், அதாவது சுமார் 20 நிமிடம், பூட்டி வைக்கிறார்கள்.

2025 செப்டம்பரில் க்யூபிக் என்ற மைனிங் கூட்டம் 18 பிளாக்குகளைக் கழற்றியது. பூட்டு 10, கழன்றது 18. நூற்றுச் சொச்சம் பரிவர்த்தனைகள் ரத்தாயின.

ரத்தானதை வாலட் புதுப் போலிகளோடு மறுபடி கையெழுத்திட்டு அனுப்பினால்தான் வினை. செலவாகும் காசுக்கான கீ இமேஜ் (ஒரே காசை இரண்டு தடவை செலவழிக்காமல் தடுக்கும் அடையாளம்) இரண்டு தடவையும் ஒன்றே. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் பிடிப்பவர்களில் வெவ்வேறு 16 பேராக இரண்டு போட்டோ எடுத்து, இரண்டிலும் இருக்கும் ஒரே முகத்தைத் தேடுவது மாதிரி. கழன்ற பிளாக்கைச் சேமித்து வைத்திருப்பவர் பொதுவான ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஸீகேஷின் மறைவுப் பரிவர்த்தனையில் வளையமே கிடையாது. மறைவுத் தொகுப்பில் இதுவரை சேர்ந்த எல்லாக் காசுகளிலும் ஒன்று என்னுடையது என்று மட்டும் நிரூபிக்கிறது. அந்த நிரூபணம் ஏதோ ஒரு பிளாக்கின் மெர்க்கிள் வேரை (அதுவரை சேர்ந்த காசுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சுருக்க முத்திரை) பிடித்து நிற்கும். அந்த பிளாக் கழன்றால் இங்கேயும் பரிவர்த்தனை செல்லாது, புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே காசின் செலவுதான் என்பது நல்லிஃபயர் என்ற, கீ இமேஜ் மாதிரியான அடையாளத்தை வைத்துத் தெரிந்துவிடும். எந்தக் காசு என்பது தெரியாது. கூட்டம் 16 பேரில் ஒருவராகச் சுருங்குவதில்லை. அந்த வகையில் ஸீகேஷ்தான் ஒரு படி மேல்.

ஆனால் ஸீகேஷில் மறைவு கட்டாயமில்லை. திறந்த முகவரிக்கு வாங்கினால் பிட்காயின் மாதிரி எல்லாம் வெட்டவெளிச்சம். மோனெரோவில் அந்தத் தவறைச் செய்யவே வழியில்லை, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. வளையத்தையே தூக்கிவிட்டு மொத்தச் செயினையும் கூட்டமாக்கும் எஃப்சிஎம்பி பிளஸ் பிளஸ் என்ற மோனெரோ மேம்பாடு வந்தால் இந்த ஓட்டை அடைபடும்.

பிட்காயினில் காயின்ஜாயின் (பலர் காசை ஒரே பரிவர்த்தனையில் கலப்பது) செய்பவர்களுக்கு ரீஆர்க் பெரிய தலைவலி இல்லை. உள்ளே போட்ட காசு நிலையாக இருந்தால் அதே பரிவர்த்தனை எழுத்து மாறாமல் மறுபடி பிளாக்கில் ஏறிவிடும். கலப்படத்தின் ரகசியமே சுமார்தான் என்பது வேறு கதை.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? வாலட்டில் மறைவு முகவரி வைத்திருந்தால் ஸீகேஷ். தெரியாதவர் அனுப்பிய பணத்துக்குக் குறைந்தது 10 பிளாக், அதாவது பன்னிரண்டரை நிமிடம், காத்திருக்கணும். மோனெரோதான் வேண்டுமென்றால் சில்லறைத் தொகைக்கு 10 பிளாக் போதும். பெரிய தொகைக்கு ஒரு நாள் பொறுக்கலாம். க்யூபிக் பயத்தில் க்ராக்கன் எக்ஸ்சேஞ்சே 720 பிளாக் கேட்டது, அது ஒரு நாள் கணக்கு. அப்புறம், நீங்கள் அனுப்பியது கழன்று போனால் பதறிப்போய் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். பழைய பரிவர்த்தனையே தானாக ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள்.